டைட்டானியா துகள்: மாடலில் 55 நானோமீட்டர், பிஇடி அளவீட்டில் 22. பிழை எங்கே?

கேள்வி
மீத்தேன் சுடரில் டைட்டானியம் ஐசோப்ரொபாக்சைடு ஆவியை 0.5 மோல் சதவீதம் கலந்து டைட்டானியா (டைட்டானியம் டையாக்சைடு) பொடி எடுக்கிறோம். உச்ச வெப்பநிலை 1700 கெல்வின். 50 மில்லிசெகண்டில் 1000-க்கு இறங்கிவிடும். செக்ஷனல் மாடலில் (துகள்களை அளவு வாரியாகப் பிரிவுகளாக்கி, மோதி வளர்வதைக் கணக்கிடுவது) விட்டம் 55 நானோமீட்டர் வருகிறது. பிஇடி பரப்போ (பொடியில் வாயு ஒட்டும் அளவை வைத்து அளப்பது) கிராமுக்கு 70 சதுர மீட்டர், அதாவது 22 நானோமீட்டர். மோதல் வீதத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் பொருந்துகிறது. அப்படிச் செய்யலாமா?

பதில் 1
வேண்டாம், மோதல் வீதத்தில் கை வைக்காதீர்கள். மோதிய இரு துகளும் அந்த நொடியே ஒரே உருண்டையாகிவிடும் என்று உங்கள் மாடல் எடுத்துக்கொள்கிறது. அதுதான் பிழை. பரப்பையும் ஒரு மாறியாகச் சேருங்கள்: மிகைப் பரப்பை (அதே கன அளவுள்ள உருண்டையின் பரப்பைக் கழித்தது) சின்டரிங் காலத்தால் (ஒட்டிய துகள்கள் சூட்டில் உருகாமலே ஒன்றாக இணைய ஆகும் நேரம்) வகுத்தால், பரப்பு குறையும் வேகம் கிடைக்கும்.

டைட்டானியாவுக்கு வழக்கமாக எடுக்கும் சின்டரிங் காலம்: 7.4 × 10¹⁶ × வெப்பநிலை × விட்டத்தின் நான்காம் அடுக்கு × எக்ஸ்ப்(31000 ÷ வெப்பநிலை) செகண்ட். எக்ஸ்ப் என்றால் e-யின் அடுக்கு. விட்டம் மீட்டரில், வெப்பநிலை கெல்வினில். சென்டிமீட்டரில் போட்டால் 10¹⁶ அல்ல, 10⁸. இதில் தடுக்கி விழுபவர்கள் ஏராளம்.

1500 கெல்வினில் 5 நானோமீட்டர் துகளுக்கு இது 0.07 மில்லிசெகண்ட், 20-க்கு 17. உங்கள் செறிவில் 20 நானோமீட்டர் துகள்கள் 3 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை மோதும். அதாவது முந்தைய மோதலில் ஒட்டியது முழுதாக இணைவதற்குள் அடுத்தது வந்து ஒட்டுகிறது. 1300-க்கு இறங்கினால் அதே 17 கிட்டத்தட்ட 350 ஆகிறது. முதன்மைத் துகளின் (திரளில் ஒட்டியிருக்கும் தனித்தனி உருண்டை) வளர்ச்சி அங்கே நின்றுபோகும். பிஇடி காட்டுவது அந்த முதன்மைத் துகளை. உங்கள் 55, சுமார் 16 முதன்மைத் துகள்கள் சேர்ந்த திரளின் கன அளவுள்ள உருண்டையின் விட்டம்.

பதில் 2
மேலே சொன்னது சரி. கூடவே, திரள் உருவானபின் மோதல் ஆரத்தை உருண்டைக்குக் கணக்கிடுவதுபோல் கணக்கிடக் கூடாது. ஃப்ராக்டல் பரிமாணம் (திரள் எவ்வளவு நெருக்கமாக அடைந்திருக்கிறது என்பதன் அளவு; உருண்டைக்கு 3) 1.8 வைத்துக் கணக்கிடுங்கள். துகள் எண்ணிக்கையை ஒரு கன மீட்டருக்கு அல்ல, ஒரு கிலோ வாயுவுக்கு எழுதுங்கள். இல்லையென்றால் வாயு குளிர்ந்து சுருங்குவதால் செறிவு கூடுவதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அது அடிக்கடி விட்டுப்போகும்.

0.4 நானோமீட்டர் மூலக்கூறுக்குச் சின்டரிங் காலம் 3 நானோசெகண்டுதான். சமன்பாட்டைப் படிப்படியாகத் தீர்க்கும் சாதாரண ரூங்கே-குட்டா முறை அங்கே திணறும். மிக வேகமான, மெதுவான மாற்றங்கள் கலந்த சமன்பாடுகளுக்கான ஸ்டிஃப் சால்வர் தேவை. செக்ஷன்களைத் தொடும் முன், எண்ணிக்கை, பரப்பு, கன அளவு மூன்றை மட்டும் வைத்து ஒரே அளவுத் துகள் மாடலை ஓட்டிப் பாருங்கள். அதிலேயே 22-ஐ ஒட்டி வர வேண்டும்.

பதில் 3
வராவிட்டால் வெப்பநிலையைச் சந்தேகியுங்கள். தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் உலோகக் கம்பி இணை) முனை கதிர்வீச்சில் வெப்பத்தை இழப்பதால் வாயுவைவிடக் குறைவாகவே காட்டும். பொடி படிந்து முனை தடித்தால் இழப்பு இன்னும் கூடும். மெல்லிய கம்பி, சுத்தமான முனை, சுடரில் நுழைத்ததும் முதல் சில செகண்டுகளின் அளவு, அதற்கும் கதிர்வீச்சுத் திருத்தம். 200 கெல்வின் தவறினால் சின்டரிங் காலம் இருபது மடங்கு மாறும்.