கோல்ஃபில் ஒவ்வொரு கிளப்புக்கும் ஸ்விங்கை மாற்ற வேண்டுமா?

கேள்வி:
ஓராண்டாக கோல்ஃப் பயின்று வருகிறேன். ஏழாம் எண் அயர்னில் (நடுத்தரத் தூரத்துக்கான உலோகத்தலை மட்டை) பந்து பெரும்பாலும் நேராகப் போகிறது. டிரைவரை (வெகுதூரம் அடிப்பதற்கான மிக நீளமான மட்டை) எடுத்தாலோ வலப்புறம் வளைந்து விலகிவிடுகிறது. எல்லாக் கிளப்புகளுக்கும் (மட்டைகளுக்கும்) ஸ்விங், அதாவது வீசும் முறை, ஒன்றே என்கிறார் ஒரு பயிற்சியாளர். டிரைவருக்குத் தனி ஸ்விங் வேண்டும் என்கிறார் மற்றொருவர். யார் சொல்வதைப் பின்பற்றுவது?

பதில் 1:
இரண்டு கூற்றும் முரண்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. உடலைத் திருப்புவதும் எடையை முன்காலுக்குக் கொண்டுவருவதும் எல்லாக் கிளப்புகளுக்கும் பொது. வெட்ஜ் (குறுந்தூர அடிக்கான மட்டை) ஏறத்தாழ 35 அங்குலம், டிரைவர் ஏறத்தாழ 45 அங்குலம் என்பதால், நீளம் கூடக்கூட நாம் பந்திலிருந்து தள்ளி நிற்கிறோம். ஸ்விங்கின் தளமும், அதாவது கிளப் சுழலும் பாதையும், தானாகவே சாய்ந்துவிடுகிறது. அதை நாம் கையால் வலிந்து செய்ய வேண்டியதில்லை.

நாமாக மாற்ற வேண்டியது நிற்கும் முறையைத்தான். அயர்னில் பந்து தரையில் கிடப்பதால், கிளப் கீழிறங்கும்போதே பந்தைத் தொட்டு, அதன் பிறகே புல்லைச் சீவ வேண்டும். டிரைவரில் பந்து டீயின் (தரையில் ஊன்றும் சிறு முளையின்) மேல் இருப்பதால், வளைவின் அடிப்புள்ளியைக் கடந்து கிளப் மேலேறத் தொடங்கும் இடத்தில் அதைச் சந்திக்கலாம். வலக்கை ஆட்டக்காரராயின் பந்தை இடக்குதிகாலின் உட்புறத்துக்கு நேராக வைத்து, கால்களைச் சற்று அகட்டி, வலத்தோளைக் கொஞ்சம் தாழ்த்தி நின்று பாருங்கள்.

பதில் 2:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பந்தை முன்னே வைக்கும்போது பலருக்கும் தோள்கள் தம்மை அறியாமல் இடப்புறம் திறந்துகொள்கின்றன. கிளப் வெளியிலிருந்து உள்நோக்கி வந்து பந்தை வலப்புறம் வளைப்பதற்கு அதுவே வழிவகுக்கிறது. அதே பிழை உங்கள் அயர்னிலும் இருக்கக்கூடும். லாஃப்ட் (கிளப் முகத்தின் சாய்வு) குறைந்த டிரைவரில் பந்தின் சுழல் அச்சு அதிகமாகச் சாய்வதால்தான் வளைவு பெரிதாகத் தெரிகிறது.

அமெரிக்க கோல்ஃப் வீரர் பிரைசன் டிஷாம்போ தம் அயர்ன்களை எல்லாம் ஒரே நீளத்தில் அமைத்துக்கொண்டு 2020இல் யு.எஸ். ஓப்பனை வென்றார். ஆனால் அவரும் டிரைவரை அந்த நீளத்துக்குக் குறைக்கவில்லை. டிரைவருக்கு வேகம் வேண்டும். வேகத்துக்கு நீளம் வேண்டும்.

பதில் 3:
முழு ஸ்விங்குக்கு இவை பொருந்தும். கிரீனருகே (குழி உள்ள, நெருக்கமாக வெட்டிய புல்தரை அருகே) ஆடும் சிப் என்னும் சிறு அடியை மட்டும் தனித் திறனாகவே பயிலுங்கள். அங்கே உடல் திருப்பம் மிகக் குறைவு.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பந்தின் பின்னே நின்று ஒருவரைக் கைபேசியில் படமெடுக்கச் சொன்னேன். டிரைவரோடு நிற்கையில் என் தோள்கள் இலக்குக்கு வெகுவாக இடப்புறம் பார்த்திருந்தன. ஸ்விங்கைத் தொடாமல் முதலில் அதைச் சரிசெய்கிறேன்.