போலோ ஜிடி: தினசரி ஓட்டத்துக்கும் மலை இறக்கத்துக்கும் சேர்த்து எந்த பிரேக் பேட் போடலாம்?

பாளை ஜிடி

வண்டி 2018 போலோ ஜிடி டிஎஸ்ஐ, டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் (தானாகக் கியர் மாறும் ரகம்), செகண்ட் ஹேண்டில் வாங்கியது. டயர் மாற்றப் போன இடத்தில் சக்கரத்தைக் கழற்றியதும் கடைக்காரர் முன்பக்க பேடை (டிஸ்க்கைக் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்தும் கட்டை) காட்டி, மூணு மில்லிதான் இருக்கு, சீக்கிரம் மாத்திருங்க சார் என்று சொல்லிவிட்டார். மாற்றுவதில் பிரச்சினை இல்லை, எதைப் போடுவது என்பதில்தான் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள்.

தினமும் பாளையங்கோட்டையிலிருந்து கங்கைகொண்டான் சிப்காட் வரை போய் வருகிறேன். காலையில் நாற்கரச் சாலையில் கொஞ்சம் விரட்டுவேன், சாயங்காலம் வண்ணார்பேட்டையில் ஊர்ந்து வருவேன். லீவு கிடைத்தால் வீட்டம்மா, பிள்ளையோடு தென்மலை, எப்போதாவது நண்பர்களோடு பொன்முடி. போன தடவை கேரளாவிலிருந்து திரும்பும்போது கோட்டைவாசல் தாண்டி புளியரை எஸ் வளைவு இறக்கத்தில் கனிம லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்க வேண்டியதாயிற்று. கீழே வந்தபோது கருகல் வாடை, பெடலும் வழக்கத்தைவிட உள்ளே போனது. செங்கோட்டையில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் எல்லாம் பழையபடி சரியாக இருந்தது.

நண்பன் ஒருவன் ரேஸ் பேடே வாங்கிப் போடு என்கிறான். மச்சான் செராமிக் பேட் தவிர வேறு எதையும் தொடாதே என்கிறார். இபிசி கம்பெனியின் மஞ்சள் பேட் நன்றாக இருக்கும் என்றும் சிலர் சொல்கிறார்கள். எனக்கு நல்ல பிடி வேண்டும், சிக்னலில் கிரீச் என்று கத்தக்கூடாது, அலாய் சக்கரம் கறுப்பாகாமல் இருந்தால் இன்னும் நல்லது. விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

குற்றாலச் சாரல்

பேடை விடுங்கள் தம்பி, பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? பெடல் உள்ளே போனது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், யாரும் அதைக் கவனிக்கப் போவதில்லை என்று பயந்துதான் முந்திக்கொண்டு வந்தேன். பேட் சூடாகிப் பிடி விட்டால் பெடல் கல் மாதிரி நிற்கும், எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. பெடல் பஞ்சாகி உள்ளே இறங்கினால் அது ஆயில் கொதித்து லைனுக்குள் ஆவி கட்டிக்கொண்டது. ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது, அவ்வளவுதான் விஷயம். ஆறியதும் ஆவி அடங்கி பெடல் மேலே வந்துவிடும், அதனால்தான் செங்கோட்டையில் உங்களுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தது. சரியாகவில்லை வே, ஆறியது!

இன்னொன்று, டிஎஸ்ஜி வண்டியை அந்த இறக்கத்தில் டி-யில் விட்டால் அது பாட்டுக்கு மேல் கியருக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும், பாரம் முழுக்க பிரேக்கில் விழும். லிவரை மேனுவலுக்குத் தள்ளி இரண்டாம் கியரில் இறக்குங்கள், எஞ்சின் கொஞ்சம் உறுமும், உறுமட்டும். லாரிக்குப் பின்னால் போகும்போது காலை மேலேயே வைத்துத் தேய்க்காமல், விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து வாருங்கள். லாரிக்காரர்கள் அப்படித்தான் இறக்குகிறார்கள், அவர்களைப் பார்த்தாலே தெரியும்.

பேட்டை பட்டறை

சாரல் அண்ணாச்சி சொன்னதுதான் பாதி வைத்தியம். மீதிப் பாதிக்கு வருகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் என்பது பிரேக் ஆயிலின் ரகக் குறியீடு. புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகுக்கு விதி வைத்திருப்பது 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205, 140. இறக்கத்தில் காலிப்பர் (பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பகுதி) பக்கத்தில் அந்தச் சூடு வருவது ஒன்றும் அதிசயம் இல்லை. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), இஎஸ்பி (வண்டி வழுக்காமல் காப்பது) உள்ள வண்டி என்பதால் டாட் 4-லேயே எல்வி என்று போட்ட, தண்ணியாக ஓடும் ரகம் கிடைக்கும், அதை வாங்குங்கள். டாட் 5.1 ஊற்றினாலும் தப்பில்லை. ஆனால் டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு, அது சிலிக்கான், உங்கள் வண்டிக்கு ஆகவே ஆகாது. கடைப் பையன் இரண்டும் ஒன்றுதான் என்பான், டப்பாவை நீங்களே படித்துப் பாருங்கள்.

இப்போது பேட். ரேஸ் பேட் நல்ல சரக்குதான், ஆனால் அது வேலை செய்யும் சூடே வேறு. காலையில் வீட்டு வாசலில் இருந்து எடுத்து முதல் ஸ்பீடு பிரேக்கரில் மிதித்தால் பிடிக்க யோசிக்கும், சிக்னலில் கத்தும், டிஸ்க்கையும் தின்னும். சிப்காட் போய் வருகிறவருக்கு அது சூடேறும் நேரத்தில் ஆபீஸே வந்துவிடும். நண்பரை அவர் வண்டியில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

பேடின் ஓரத்திலோ முதுகிலோ நீளமாக எழுத்துகள் அச்சடித்திருக்கும், அதன் கடைசியில் எஃப்எஃப், ஜிஎஃப், ஜிஜி என்று இரண்டு எழுத்து வரும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் பிடி எவ்வளவு என்பது, இரண்டாவது நன்றாகச் சூடேறிய பிறகு எவ்வளவு என்பது. இ என்றால் உராய்வு எண் 0.25-லிருந்து 0.35, எஃப் என்றால் 0.35-லிருந்து 0.45, ஜி என்றால் 0.45-லிருந்து 0.55. சூட்டில் எழுத்து இறங்குகிற பேட், அதாவது எஃப்இ மாதிரி, மலை இறங்குகிறவருக்கு வேண்டாம். இது ஆய்வகத்தில் ஒரு சின்னத் துண்டை வைத்துப் பார்க்கிற சோதனை என்பதால் ஜிஜி பேட் எஃப்எஃப்-ஐவிட ரோட்டில் இத்தனை அடி முன்னால் நிறுத்தும் என்றெல்லாம் கணக்குப் போட முடியாது. ஆனால் ஒன்றுமே அச்சடிக்காத பேடைக் கடையில் நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஐரோப்பிய வண்டிகளுக்கு ஏட்டே, டிஆர்டபிள்யூ கம்பெனிகள் கொடுக்கிற லோ மெட்டாலிக் (உலோகம் கொஞ்சமாகக் கலந்த) ரகம்தான் என் தேர்வு. குளிரிலும் பிடிக்கும், சூட்டிலும் தாங்கும், மிதிக்கிற அளவுக்குத் தகுந்தபடி பிடி ஏறும். தூசி வரும், அதில் ஒளிவுமறைவு இல்லை, ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தைக் கழுவித்தான் ஆக வேண்டும். இபிசி மஞ்சளும் குளிரில் நன்றாகவே பிடிக்கும், ஆனால் நீங்கள் சொன்ன ஓட்டத்துக்கு அந்த விலை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

நல்ல பிடி வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ரோட்டில், பின்னால் வண்டி இல்லாதபோது ஐம்பதில் போய் முழுசாக மிதித்துப் பாருங்கள். பெடல் கடகடவென்று காலில் அதிர்ந்து ஏபிஎஸ் வேலை செய்தால் பிரேக்கிடம் ஏற்கெனவே டயருக்கு மிஞ்சிய பலம் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் எந்த பேடைப் போட்டாலும் நிற்கிற தூரம் குறையாது, அது டயர் கையில். புது டயர் போட்டுவிட்டீர்கள், நல்லது. பேட் மாற்றி நமக்குக் கிடைப்பது, பத்தாவது வளைவிலும் முதல் வளைவில் பிடித்த மாதிரியே பிடிப்பதுதான்.

முத்துநகர் காற்று

பட்டறை சொல்வதில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் சண்டைக்கு வருகிறேன். செராமிக்கை ஏன் வாய் திறந்து சொல்லவில்லை? மாதத்தில் பெரும்பாலான நாள் வண்ணார்பேட்டையில் ஊர்ந்து வருகிறவர், பிள்ளை குட்டியோடு தென்மலை போகிறவர், சக்கரமும் கறுக்கக்கூடாது என்கிறார். சத்தமும் தூசியும் குறைவான செராமிக், இரண்டாம் கியர், புது ஆயில், இது போதாதா? இபிசி சிவப்பு பேடும் செராமிக்தான். நான் தூத்துக்குடியில் கடற்காற்றில் வண்டியை நிறுத்துகிறேன், இரண்டு நாள் எடுக்காவிட்டால் டிஸ்க் செம்மண் பூசினது போல் ஆகிவிடும், செராமிக் போட்ட பிறகும் முதல் மிதியில் கரகரவென்று துடைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கிறது.

அப்புறம் பேடோடு சேர்த்து காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்னையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அது இறுகிக்கொண்டால் உள்பக்க பேட் தேய்ந்து தகடு தெரியும், வெளிப்பக்கம் புதுசு மாதிரி இருக்கும். சக்கரத்து இடுக்கு வழியாகக் குனிந்து பார்த்தால் வெளிப்பக்கம்தான் தெரியும், பலர் அங்கேதான் ஏமாறுகிறார்கள்.

பேட்டை பட்டறை

செராமிக்கை வேண்டாம் என்று சொல்லவில்லை அண்ணாச்சி. அவர் டவுனோடு மட்டும் நின்றால் நானே அதைத்தான் கொடுத்திருப்பேன். பொன்முடியில் 22 கொண்டை ஊசி வளைவு, நண்பர்களோடு போனால் யாரும் மெதுவாக இறங்குவதில்லை, அதை யோசித்துத்தான் சொன்னேன். ஸ்லைடு பின் விஷயம் நூற்றுக்கு நூறு சரி.

பாளை ஜிடி

நன்றி அண்ணாச்சிமார்களே. வண்டியின் பழைய சர்வீஸ் பில்லையெல்லாம் புரட்டிப் பார்த்தேன், பிரேக் ஆயில் மாற்றியதாக ஒரு வரிகூட இல்லை. திறந்து பார்த்தால் டீ டிக்காஷன் நிறத்தில் இருக்கிறது. ஆயிலை உடனே மாற்றிவிடுகிறேன், பேட் ஏட்டே வாங்குவதாக முடிவு செய்துவிட்டேன், தூசியை வீட்டம்மாவிடம் சமாளித்துக்கொள்கிறேன். டிஸ்க் மாற்ற வேண்டுமா, லேத்தில் கொடுத்துச் சீவினால் போதுமா? புது பேடைப் பழக்க வேண்டும் என்கிறார்களே, அது எங்கே, எப்படி?

பேட்டை பட்டறை

டிஸ்க்கிலேயே குறைந்தபட்ச கனம் எத்தனை மில்லி என்று பொறித்திருக்கும். மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, அதற்குக் கிட்டே வந்துவிட்டால் சீவாமல் இரண்டு பக்கமும் புதுசு போட்டுவிடுங்கள். சீவின டிஸ்க் மெலிசு, சூடு தாங்காது, நீங்கள் பயப்படுவதே சூட்டுக்குத்தான். கனம் இருக்கிறது, விளிம்பில் மட்டும் கொஞ்சம் வரப்பு கட்டியிருக்கிறது என்றால் உப்புத்தாளால் முகத்தைத் தேய்த்து, பிரேக் கிளீனர் அடித்துப் போடலாம்.

பழக்குவதற்கு விடியக்காலை கயத்தாறு பக்கம் நாற்கரச் சாலை போதும், காற்றாலையும் வெட்டவெளியுமாகத்தான் இருக்கும். அறுபதில் போய் ஓரளவு அழுத்தி மிதித்து பதினைந்துக்குக் குறையுங்கள், முழுசாக நிறுத்தாதீர்கள். திரும்ப அறுபது, திரும்ப பதினைந்து, எட்டு பத்து தடவை. லேசாக வாடை வரும், அது பரவாயில்லை. பிறகு பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து நிமிஷம் ஓட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது எங்கேயாவது நிறுத்தி பிரேக்கை மிதித்தபடியே நின்றால் பேடின் அச்சு டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் மிதிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் ஆடும், டிஸ்க் கோணிவிட்டது என்று யாராவது உங்களிடம் காசு பிடுங்குவார்கள்.

பின்பக்க டிரம்மையும் ஒரு தடவை திறந்து தூசி ஊதச் சொல்லுங்கள்.

குற்றாலச் சாரல்

ஆயில் மாற்றும்போது நாலு சக்கரத்திலும் பழைய ஆயில் முழுசாக வெளியே வரும் வரைக்கும் பிளீடிங் செய்யச் சொல்லி பக்கத்திலேயே நில்லுங்கள். மேலே டப்பாவில் இருப்பதை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றி பில் போடுகிற இடங்களும் உண்டு. இனி இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை.

பாளை ஜிடி

சனிக்கிழமை பட்டறைக்குப் போகிறேன். கடைசியாக ஒன்று, ஸ்லைடு பின்னுக்கு வீட்டில் இருக்கிற சாதா கிரீஸ் போட்டால் போதுமா?

முத்துநகர் காற்று

கூடவே கூடாது. சாதா பெட்ரோலிய கிரீஸ் பட்டால் பின்னைச் சுற்றியுள்ள ரப்பர் ஊதிப்போய் பின் இன்னும் இறுகும். பிரேக்குக்கு என்றே சிலிக்கான் கிரீஸ் சின்ன டியூபில் கிடைக்கும், அதை மெல்லிசாகத் தடவினால் போதும்.