வீட்டுக் கணினியில் புகைப்படங்கள் திறக்கவே நேரமாகிறதா? எங்கள் அனுபவங்கள்

கணினி மெதுவாகிவிட்டது என்று கடைக்குக் கொண்டுபோனால் இரண்டு யோசனைகள்தான் கிடைக்கும். ஒன்று, ராம் கூட்டுங்கள். இன்னொன்று, எல்லாப் படங்களையும் ஜேபெக்காக மாற்றிவிடுங்கள். முதலாவதில் பணம்தான் போகும். இரண்டாவதில் மூலப் படங்களே போய்விடும், அவை திரும்ப வராது. அதனால்தான் எங்கள் வீட்டு அனுபவத்தை இந்தக் குழுவில் சற்று விரிவாக எழுதுகிறேன்.

அப்பாவின் பழைய ஃபிலிம் சுருள்களை ஸ்கேன் செய்த டிஃப் கோப்புகள், அண்ணனின் நிக்கான் கேமராவிலிருந்து வந்த என்இஎஃப், தங்கையின் ஐபோன் தரும் ஹெச்இஐசி, பழைய கைப்பேசிகளின் 3ஜிபி வீடியோக்கள், கணக்கில்லாத வாட்ஸ்அப் படங்கள் எல்லாம் ஒரே ஹார்டு டிஸ்க்கில் கிடந்தன. பெற்றோரின் அறுபதாம் கல்யாணக் கோப்புறையைத் திறந்தால், மேலே முகவரிப் பட்டையில் பச்சைக் கோடு ஊர்ந்து பாதியில் நின்றுவிடும். படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டங்கள்தான் தெரியும்.

எதையும் மாற்றுவதற்கு முன்னால், கணினியின் எந்தப் பகுதி எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். எங்கள் கணினியில் பிராசசர் ஏறக்குறைய சும்மா இருந்தது, டிஸ்க் மட்டும் நூறு சதவீதத்தில் நின்றது. சுழலும் தட்டு கொண்ட ஹார்டு டிஸ்க், ஒரே பெரிய கோப்பை நொடிக்கு 100 எம்பிக்கு மேலும் படித்துவிடும். ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைத் தேடித் தேடி எடுக்கச் சொன்னால் அதே டிஸ்க்கின் வேகம் நொடிக்கு ஓரிரு எம்பிக்கு இறங்கிவிடும். கோப்புறையில் ஒவ்வொரு கோப்புக்கும் தெரியும் சிறுபடங்களை (தம்ப்நெயில்) காட்டுவது இந்த இரண்டாவது வகை வேலை. இதற்கு ராம் கூட்டி என்ன பயன்?

அடுத்து விண்டோஸிலேயே இருக்கும் ரிசோர்ஸ் மானிட்டர் என்ற கருவி. அதில் டிஸ்க் பகுதிக்குப் போனால் எந்தக் கோப்பு படிக்கப்படுகிறது என்று பெயரோடு தெரியும். பெயர்கள் மளமளவென்று மாறிக்கொண்டே வந்தன. ஒரு ஏவிஐ வீடியோவின் பெயர் மட்டும் அசையாமல் நின்றது. எப்போதோ பாதியில் அறுந்துபோன நகல் அது. அதற்குச் சிறுபடம் உருவாக்க விண்டோஸ் முட்டி மோதிக்கொண்டிருந்தது. அந்த ஒரு கோப்பை வேறிடத்துக்கு நகர்த்தியதும் கோப்புறை திறந்துகொண்டது. ரிசோர்ஸ் மானிட்டரில் பிடிபடாவிட்டால், கோப்புகளில் பாதியை வேறு கோப்புறைக்கு மாற்றி எந்தப் பாதி தடுமாறுகிறது என்று பாருங்கள். தடுமாறும் பாதியை மீண்டும் பாதியாக்கினால் குற்றவாளி சிக்கிவிடும்.

பிறகு படங்களைப் பார்க்கவும் அடுக்கவும் டிஜிகாம் என்ற இலவச மென்பொருளுக்கு மாறினோம். படங்கள் பழைய ஹார்டு டிஸ்க்கிலேயே இருக்கின்றன. அதன் தரவுத்தளத்தையும் சிறுபடக் கிடங்கையும் மட்டும் சுழலும் தட்டு இல்லாத, வேகமான ஒரு சின்ன எஸ்எஸ்டியில் வைத்தோம். முதல் முறை எல்லாவற்றையும் படித்து முடிக்க இரவு முழுக்க ஓட விட வேண்டும். அதற்குப் பிறகு பக்கத்தைத் தள்ளத் தள்ளப் படங்கள் கூடவே வருகின்றன.

ஹெச்இஐசி கதை வேறு. 2017இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 11 வந்தபோது ஆப்பிள் இதற்கு மாறியது. ஜேபெக்கில் பிடிக்கும் இடத்தில் ஏறத்தாழ பாதி போதும், ஆனால் விரித்துக் காட்டப் பிராசசர் கூடுதலாக உழைக்க வேண்டும். பழைய கணினியில் இந்தக் கோப்புறைகளுக்கு மட்டும் டிஸ்க் சும்மா இருக்கப் பிராசசர் எகிறுவதைப் பார்க்கலாம். இந்தப் படங்களைத் திறக்க விண்டோஸில் ஹெச்இஐஎஃப், ஹெச்இவிசி என்ற இரண்டு நீட்சிகளும் (கூடுதலாக நிறுவும் சிறு மென்பொருள்கள்) வேண்டும். முதலாவதை மட்டும் நிறுவிவிட்டு, படம் தெரியவில்லை, கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்தவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அழிக்காதீர்கள். ஜேபெக்காக மாற்றவும் வேண்டாம். ஒவ்வொரு மாற்றத்திலும் தரம் கொஞ்சம் குறையும், எது அருகில், எது தொலைவில் என்று படத்தோடு சேர்ந்து பதிவாகும் ஆழத் தகவலும் பெரும்பாலும் போய்விடும். உறவினருக்கு அனுப்புவதற்கு மட்டும் ஒரு ஜேபெக் நகல் எடுத்தால் போதும்.

கோவையிலிருந்து ஓர் உறுப்பினர்:

திருமணப் படங்கள் எடுப்பது என் தொழில். ரா கோப்புகள், அதாவது கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலக் கோப்புகள், வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என்இஎஃப், சிஆர்2, ஏஆர்டபிள்யூ எதுவானாலும் அதற்குள்ளேயே கேமரா ஒரு ஜேபெக் முன்னோட்டத்தைப் பொதிந்து வைத்திருக்கும். மென்பொருள் அமைப்பில் அந்த முன்னோட்டத்தையே காட்டச் சொல்லிவிடுங்கள். முழு ரா தரவையும் ஒவ்வொரு முறையும் சமைத்துக் காட்டச் சொன்னால் புதிய கணினியே திணறும். படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது முன்னோட்டமே தாராளம்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் வீட்டில் மெதுவானதற்குக் காரணம் டிஸ்க் சாகத் தொடங்கியிருந்ததுதான். அதுவும் வெளியில் பார்க்க இதே மாதிரிதான் இருந்தது: டிஸ்க் நூறு சதவீதம், படங்கள் வரவில்லை. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவியை ஓட்டினேன். நீலமாக இருக்க வேண்டிய கட்டம் மஞ்சளாக இருந்தது. 'கரண்ட் பெண்டிங் செக்டர்' என்ற வரியில் பூஜ்யத்துக்கு மேல் எண் இருந்தது, அதாவது படிக்க முடியாத இடங்கள். அந்த நிலையில் சிறுபடம் உருவாக்க இரவு முழுக்க ஓட்டுவதும், பாதி பாதியாக நகர்த்திப் பார்ப்பதும் ஆபத்து. முதலில் முக்கியமான கோப்புறைகளை வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். அம்மாவின் கடைசிப் படங்கள் அதில் இருந்தன. எல்லாமே மீண்டன, இரண்டு வீடியோக்களைத் தவிர.

முதலில் எழுதியவர்:

யாழ்ப்பாண நண்பர் சொன்ன சோதனையை எல்லோரும் முதல் வேலையாகச் செய்யுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

வாட்ஸ்அப் படங்களின் தேதி பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். அனுப்பும்போதே எடுத்த தேதி அழிந்துவிடுவதால், நகலெடுத்த நாளின் கீழ் எல்லாம் ஒரே குவியலாக விழுகின்றன. ஆண்ட்ராய்டில் சேமித்த கோப்பு என்றால் பெயரிலேயே தேதி இருக்கும். ஐஎம்ஜி என்ற எழுத்துகளுக்குப் பிறகு வரும் 20190412 என்பது 2019 ஏப்ரல் 12. எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவியால் பெயரில் உள்ள தேதியைப் படத்துக்குள் எழுதலாம். அது படம் கைப்பேசிக்கு வந்த நாள்தான், எடுத்த நாள் அல்ல. முதலில் ஒரு கோப்புறையின் நகலில் செய்து பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.