எல்லா ஷீட்டிலும் ஒரே படம் வருகிறது (பைத்தான், ஓபன்பைஎக்ஸெல்)

கேள்வி:
வணக்கம். பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறேன். எக்ஸெல் ஃபைலில் ஊருக்கு ஒரு ஷீட். தினமும் எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு என்று இருக்கும். பைத்தானில் வரைபடம் போடும் மேட்பிளாட்லிப்பில் வரைந்து, 'படம்.பிஎன்ஜி' என்று சேமித்து, எக்ஸெல் ஃபைலைப் படித்து எழுதும் ஓபன்பைஎக்ஸெல்லின் ஆட்_இமேஜ் மூலம் எச்2 செல்லில் வைக்கிறேன். எர்ரர் எதுவும் இல்லை. ஆனால் திறந்து பார்த்தால் எல்லா ஷீட்டிலும் கடைசி ஊரின் படம்தான். தலைப்பிலும் தமிழுக்குப் பதில் கட்டம் கட்டமாக வருகிறது.

பதில் 1:
ஆட்_இமேஜ் கொடுத்ததும் படம் உள்ளே போய்விடாது. அகலம், உயரம் மட்டும் பார்த்துவிட்டு ஃபைல் பெயரை வைத்துக்கொள்ளும். ஒர்க்புக்கை சேவ் செய்யும்போதுதான் படத்தைப் படிக்கும். அதற்குள் அதே பெயரில் கடைசி ஊர் எழுதப்பட்டுவிடுகிறது. ஊருக்கு ஒரு பைட்ஸ்ஐஓ (மெமரியிலேயே இருக்கும் ஃபைல் மாதிரி) உருவாக்கி, படத்தைச் சேமிக்கும் சேவ்ஃபிக்கை அதில் எழுதச் சொல்லுங்கள். சேவ் முடியும்வரை அதை மூடாதீர்கள். ஆனால் வரைபடத்தை ஒவ்வொரு சுற்றிலும் பிஎல்டி.குளோஸ் போட்டு மூடுங்கள். 20க்கு மேல் திறந்து கிடந்தால் எச்சரிக்கை வரும்.

பதில் 2:
கட்டம் வருவது ஃபான்ட்டால். இயல்பாக வரும் டெஜாவு சான்ஸில் தமிழ் கிடையாது. விண்டோஸ் என்றால் நிர்மலா யூஐ கொடுங்கள். அப்போதும் 'தேதி' என்று எழுதினால் கொம்பு 'த'வுக்குப் பின்னால் போய் நிற்கலாம். மேட்பிளாட்லிப் பல காலமாக எழுத்துகளை வரிசையாக அடுக்கியே வந்திருக்கிறது, தமிழுக்கு வேண்டிய இடமாற்றத்தைச் செய்ததில்லை. உறுப்பினர்கள் படிக்கப்போகும் தாளில் தமிழ் உடைந்து வரக்கூடாது. அதனால் படமே வேண்டாம் என்பேன். ஓபன்பைஎக்ஸெல்லின் லைன்சார்ட் எடுத்து, ரெஃபரன்ஸில் லிட்டர் பத்தியைக் காட்டி, ஆட்_சார்ட் கொடுங்கள். எழுத்தை எக்ஸெல்லே வரையும், தமிழ் சரியாக வரும். லிட்டரைத் திருத்தினால் கோடும் கூடவே மாறும், படத்தில் அது நடக்காது.

கேட்டவர்:
சார்ட் வந்துவிட்டது, தமிழும் அழகாக இருக்கிறது. நன்றிங்க. ஆனால் கீழே தேதியும் பக்கத்தில் லிட்டர் அளவும் காணவில்லை.

பதில் 2:
ஓபன்பைஎக்ஸெல் 3.1 பதிப்பில் அப்படித்தான் வருகிறது. சார்ட்.எக்ஸ்_ஆக்சிஸ்.டெலீட், சார்ட்.ஒய்_ஆக்சிஸ்.டெலீட் இரண்டுக்கும் ஃபால்ஸ் கொடுங்கள். ஏற்கெனவே உள்ள ஃபைலைத் திறந்து எழுதுகிறீர்கள் என்றால் ஒரு நகல் எடுத்துவைத்துவிட்டு ஓட்டுங்கள். கையால் வரைந்த கட்டம், அம்புக்குறி மாதிரியான வடிவங்களை ஓபன்பைஎக்ஸெல் படிக்காது, சேவ் செய்ததும் போய்விடும்.