பொருள்: ‘விசரல் ஃபேட்’ – அகட்டுக் கொழுப்பு எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

சாப்பாட்டுக்கும் வயிற்றுக் கொழுப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றி, நாற்பது வயது தாண்டியவர்களுக்காக ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வயிற்றறைக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பைக் குறிக்கும் ‘விசரல் ஃபேட்’ என்ற சொல்லுக்குத் தமிழ் தேடி நான்கு நாளாக நிற்கிறேன்.

முதல் வரைவில் ‘உள்ளுறுப்புக் கொழுப்பு’ என்று போட்டுச் சித்தியிடம் படிக்கக் கொடுத்தேன். “எனக்கும் இது இருக்கேப்பா, ஸ்கேன்ல ஈரல்ல கொழுப்புன்னு எழுதியிருந்தாங்களே” என்றார். அவர் சொன்னது ஃபேட்டி லிவர். உறுப்புக்குள்ளேயே சேரும் கொழுப்பு வேறு, வயிற்றறைக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு வேறு. சொல் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

சரி என்று ‘தொப்பைக் கொழுப்பு’ என மாற்றினேன். உடனே இடுப்பு மடிப்பை இரண்டு விரலால் பிடித்து “இதானே?” என்று காட்டினார். அப்படிக் கைக்குப் பிடிபடுவது தோலடிக் கொழுப்பு. நான் சொல்ல வந்தது தசைச் சுவருக்கு உள்ளே இருக்கிறது, விரலுக்கு எட்டாது. கறிக்கடையில் ஆட்டின் வயிற்றைக் கிழித்ததும் குடல்மேல் வெள்ளையாக வலைபோலப் படர்ந்திருக்கும் அல்லவா, அதுதான். குடலை ஒட்டிய அந்தக் கொழுப்பிலிருந்து வரும் ரத்தம் நேரே கல்லீரலுக்குப் போகிறது. சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் தோலடிக் கொழுப்பைவிட இதை மருத்துவர்கள் அதிகம் அஞ்சுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தனிச்சொல் ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். ஸ்வீடனின் உப்சாலாவில் நடந்தது, 2014இல் வெளியானது. சரியான எடையுள்ள 39 இளம் வயதினருக்கு 7 வாரம், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் தினமும் மஃபின் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குப் பாமாயிலில் செய்தது, மீதிப் பேருக்குச் சூரியகாந்தி எண்ணெயில் செய்தது. மற்றதெல்லாம் ஒன்றே. இரண்டு பக்கமும் எடை ஏறத்தாழ 1.6 கிலோ கூடியது. ஆனால் எம்ஆர்ஐயில் பார்த்தால், பாமாயில் தின்றவர்களுக்கு உள்கொழுப்பு மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு கூடியிருந்தது. எடைத் தட்டு காட்டாத வித்தியாசம் இது. இதைத் தமிழில் சொல்ல வேண்டுமானால் அந்தக் கொழுப்புக்குத் தனிப்பெயர் இருந்தே ஆக வேண்டும்.

என் பரிந்துரை: அகட்டுக் கொழுப்பு. அகடு என்றால் உள் என்றும் பொருள், வயிறு என்றும் பொருள். ‘அகடாரார்’ என்று குறளில் (936) வருவது வயிறு நிறையாதவர்களைத்தான். இரண்டு பொருளும் நமக்கு வேண்டியவை.

*

மறுமொழி (தமிழாசிரியர்)

ஐயா, சொல் அழகு. ஆனால் என் மாணவர்களிடம் ‘அகட்டு’ என்றால் காலை அகட்டி நிற்பதுதான் நினைவுக்கு வரும். ‘அகடு’ வழக்கொழிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ‘குடல்சூழ் கொழுப்பு’ என்றால் படித்தவுடன் புரியும்.

*

மறுமொழி (சித்த மருத்துவர்)

அம்மா, ‘அகடு’ ஒழியவில்லை, எங்களிடம் புழக்கத்தில் இருக்கிறது. சுக்கு, சீரகம், ஏலம், பெருங்காயம் இவற்றின் செய்கையை ‘அகட்டுவாய்வகற்றி’ என்றுதான் நாங்கள் படித்தோம், இன்றும் அப்படியே எழுதுகிறோம். வயிற்று வாய்வை அகற்றுவது என்று பொருள். காலை அகட்டுவதாக எந்த மாணவரும் எடுத்துக்கொண்டதில்லை. அப்புறம், இந்தக் கொழுப்பு குடலைச் சுற்றி மட்டும் இல்லை, சிறுநீரகத்தைச் சுற்றியும் இருக்கிறது. ‘குடல்சூழ்’ என்றால் அது விடுபட்டுவிடும்.

*

மறுமொழி

அன்புள்ள இருவருக்கும் நன்றி. மருத்துவர் ஐயா சொன்ன முன்மாதிரி எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு துறையில் உயிரோடு இருக்கும் வேரை இன்னொரு துறை எடுத்துக்கொள்வது, புதிதாக ஒட்டுப்போடுவதைவிட நல்லது என்றே நினைக்கிறேன். அம்மாவின் கவலையும் நியாயமானது. அதனால் கையேட்டில் முதல் முறை வரும்போது ‘வயிற்றறைக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு’ என்று விளக்கிவிட்டு, பிறகு அகட்டுக் கொழுப்பு என்றே எழுதப்போகிறேன்.

இன்னொரு சொல்லும் இருக்கிறது. ‘டயட்டரி பேட்டர்ன்’ என்பதற்கு ‘உணவுமுறை’ என்றால் பத்தியம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் மாதக்கணக்கில் எதை, எதோடு, எவ்வளவு சாப்பிடுகிறார் என்ற மொத்தக் கோலம் அது. ‘உணவுப்பாங்கு’ என்று வைத்திருக்கிறேன். இஸ்ரேலில் 294 பேரை வைத்து 18 மாதம் நடத்திய ஆய்வில் ஒப்பிட்டது ஒற்றை உணவை அல்ல, பாங்குகளைத்தான். சிவப்பு இறைச்சியைக் குறைத்துத் தாவர உணவைக் கூட்டிய மத்தியதரைக்கடல் பாங்கில் அகட்டுக் கொழுப்பு 14 விழுக்காடு குறைந்தது, வழக்கமான மத்தியதரைக்கடல் பாங்கில் அதில் ஏறத்தாழப் பாதி. எடை இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் இறங்கியது. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

திருத்திய பக்கத்தை நேற்றுச் சித்தியிடம் கொடுத்தேன். இந்த முறை மடிப்பைப் பிடிக்கவில்லை. “அப்ப இத எப்படித் தெரிஞ்சுக்கிறது?” என்று கேட்டார். பாவாடை நாடா கட்டும் இடத்தில் அல்ல, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்கச் சொன்னேன். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை. சித்திக்கு 91 இருந்தது. அந்த எண்ணைக் கையேட்டின் ஓரத்திலேயே தேதி போட்டு எழுதிவைத்துக்கொண்டார்.