மனோன்மணியத்தை வாட்ஸ்அப் உரையாடலாக எழுதினால், கனவை என்ன செய்வது?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
வணக்கம். சித்தூர் தாலுக்காவில் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். ரோமியோ ஜூலியட்டை ஆங்கிலத்தில் முழுக்கக் குறுஞ்செய்தியாகவே எழுதியிருக்கிறார்கள் என்று ஒருநாள் வகுப்பில் சொன்னேன். உடனே பிள்ளைகளுக்கு ஆசை வந்துவிட்டது. இப்போது ஆண்டுவிழாவுக்கு மனோன்மணியம் நாடகத்தை வாட்ஸ்அப்பில் எழுதிக்கொண்டிருக்கிறோம். பின்னால் திரையில் செய்திகள் ஓடும், முன்னால் பிள்ளைகள் நடிப்பார்கள்.

மனோன்மணியின் தோழி வாணி, அவள் காதலன் நடராசன் பகுதி நன்றாக வந்திருக்கிறது. வாணியை அமைச்சர் குடிலனின் மகன் பலதேவனுக்குத்தான் கட்டிக்கொடுப்பேன் என்று அவள் அப்பா சகடன் ஒற்றைக்காலில் நிற்கிறார். 'உனக்குச் சம்மதமா?' என்று நடராசன் கேட்கிறான். 'வாணி டைப் செய்கிறார்' என்று திரையில் வருகிறது, நிற்கிறது, மறுபடி வருகிறது. கடைசியில் 'சாப்பிட்டியா?' என்று மட்டும் வந்து விழுகிறது. இதை எழுதியவள் வகுப்பில் வாயே திறக்காத பெண். அவள் வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

சிக்கல் பாண்டிய அரசன் ஜீவகனின் மகள் மனோன்மணியிடம்தான். அவளும் சேர அரசன் புருடோத்தமனும் ஒருவரையொருவர் கனவில் மட்டுமே பார்த்தவர்கள். கனவில் வந்தது யார் என்று இருவருக்குமே தெரியாது. நம்பர் கொடுத்துவிட்டால் நாடகமே இல்லை. கொடுக்காவிட்டால் அவர்களுக்கு ஒரு செய்திகூட இல்லை. என்ன செய்யலாம்?

வேலந்தாவளம்காரன்:
டீச்சர், நம்பர் கொடுக்கவே வேண்டாம். என் அம்மா மளிகைச் சாமான் பட்டியலைத் தன் நம்பருக்கே அனுப்பி வைத்துக்கொள்வார். மனோன்மணியும் அப்படித் தனக்கே எழுதட்டும், அந்தப் பக்கம் புருடோத்தமனும் எழுதட்டும். இரண்டு திரை, நடுவில் இருட்டு. இருவரும் எழுதுவது ஒரே கனவை என்று பார்ப்பவர்களுக்கு மட்டும் தெரியும். கடைசியில் அவன் சுரங்கவழியாக மணப்பந்தலுக்கு வந்து நிற்கும்போது இரண்டு திரையையும் அணைத்துவிடுங்கள். அவள் போனைக் கீழே வைத்துவிட்டு மாலையை எடுக்கட்டும்.

அகவல் (திருவனந்தபுரம்):
நல்ல யோசனை. ஆனாலும் செய்யுளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஆலப்புழையில் பிறந்து, இந்த ஊர்க் கல்லூரியில் தத்துவம் கற்பித்த சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட நாடகம் அது. பெரும்பகுதி ஆசிரியப்பா. அந்த ஓசை ஒருமுறைகூடப் பிள்ளைகள் காதில் விழாமல் விழா முடிந்துவிடக் கூடாது. ஜீவகனின் குரு சுந்தர முனிவர் மட்டும் டைப் செய்ய வேண்டாம், வாய்ஸ் மெசேஜ் அனுப்பட்டும். மூல அடிகளை ஒரு பிள்ளை வாய்விட்டுச் சொல்லட்டும். பத்து அடி போதும்.

நாஞ்சில் வாசகி:
பலதேவன் தூது போவதை விட்டுவிடாதீர்கள். ரோமியோவுக்குப் போகவேண்டிய கடிதம், கொண்டுபோனவரைக் கொள்ளைநோய்ச் சந்தேகத்தில் ஒரு வீட்டுக்குள் அடைத்துவைத்ததால் போய்ச் சேரவேயில்லை. அது ஒற்றை டிக். இங்கே செய்தி போய்ச் சேர்கிறது, ஆனால் குடிலன் கைபட்டுப் போகிறது. மனோன்மணிக்குக் கல்யாணம் பேசப் போன இடத்தில் அவன் மகன் நாஞ்சில் நாட்டைக் கொடு என்று துடுக்காகக் கேட்கிறான், போர் மூள்கிறது. ஜீவகன் என்ன சொல்லி அனுப்பினார், சேரன் சபையில் என்ன பேசப்பட்டது என்று இரண்டையும் அடுத்தடுத்துத் திரையில் காட்டுங்கள். எங்கள் ஊர் மண்ணை வைத்து நடந்த பேச்சு என்பதால் எனக்கு அந்தக் காட்சிமேல் தனிப் பாசம்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. நேற்றே இரண்டு திரை வைத்துப் பார்த்தோம். மனோன்மணி 'இன்றும் வந்தார்' என்று தனக்கே அனுப்பிவிட்டு அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்வரிசைப் பையன்கள்கூடப் பேசவில்லை. தூதுக் காட்சியை நாளை எழுதுகிறோம். ஐயா, முனிவரின் அடிகளைச் சொல்ல வீட்டில் மலையாளம் பேசுகிற ஒரு பையன் தானாக எழுந்து வந்தான். வகுப்பிலேயே அவனுக்குத்தான் ழகரம் சுத்தமாக வருகிறது.