எம்33 பேரடையின் (கேலக்ஸி) படத்தில் சுருள் கரங்கள் தெளியவில்லை. அதற்குள் இன்னொரு என்ஜிசி எண் (வான்பொருள் பட்டியல் எண்) வருவது ஏன்?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். மாற்றம் எதுவும் செய்யப்படாத டிஎஸ்எல்ஆர் கேமராவில் 200 மிமீ லென்ஸைப் பொருத்தி, வானின் நகர்வைப் பின்தொடரும் டிராக்கரின் உதவியுடன் எம்33 பேரடையைப் படமெடுத்தேன். எஃப்/4, ஐஎஸ்ஓ 1600, ஒவ்வொரு படமும் 60 நொடி. படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பின் முக்கால் மணி நேர ஒளி சேர்ந்திருக்கிறது. இதே அமைப்பில் ஆண்ட்ரோமெடா நன்றாகப் பதிந்தது. எம்33 மட்டும் மங்கலான திட்டாகவே நிற்கிறது. பிரகாசத்தைக் கூட்டினால், கரங்கள் எழுவதற்கு முன்பே மூலைகள் கருத்துவிடுகின்றன. பேரடைக்கு என்ஜிசி 598 என்ற எண் இருக்க, அதன் வடகிழக்குப் பக்கத்துப் புள்ளி ஒன்றை மென்பொருள் என்ஜிசி 604 என்று காட்டுகிறது. அது பின்னாலுள்ள வேறொரு பேரடையா?

பதில் 1:
எம்33-இன் மொத்தப் பிரகாச எண் 5.7 (எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்) என்று படிக்கும்போது எளிதான இலக்காகத் தோன்றும். ஆனால் அந்த ஒளி, முழு நிலவைப் போல இரு மடங்குக்கும் மேலான நீளத்தில் பரவிக் கிடக்கிறது. ஆண்ட்ரோமெடாவுக்கு இருப்பது போன்ற பிரகாசமான நடுப்பகுதியும் இதற்கு இல்லை. ஆகவே ஊர் விளக்குகளின் ஒளி இதன் கரங்களைத்தான் முதலில் விழுங்கும். மூலைகள் கருப்பது லென்ஸின் இயல்பு. ஃபோகஸையும் துளையையும் மாற்றாமல் ஃபிளாட் படங்கள் (சீரான வெளிச்சமுள்ள பரப்பின் படங்கள்) எடுத்துச் சேர்த்தால் அது சரியாகும். இரைச்சலுக்கு எதிரே ஒளியின் தெளிவு இரட்டிப்பாக நான்கு மடங்கு நேரம் வேண்டும் என்பதால், நிலவற்ற இரவுகளில் மூன்று மணி நேரமாவது சேருங்கள். தமிழ்நாட்டில் இது உச்சியை நெருங்கும் ஐப்பசி, கார்த்திகை இரவுகளைப் பருவமழை பெரும்பாலும் மறைத்துவிடுகிறது. மார்கழியின் முன்னிரவை நம்பலாம்.

பதில் 2:
அது பின்னாலுள்ள பேரடை அன்று, எம்33-க்குள்ளேயே விண்மீன்கள் பிறக்கும் ஒரு பெரும் நெபுலா (வாயு மேகம்). ஏறக்குறைய 1,500 ஒளியாண்டு அகலமுள்ளது. எம்33-ஐ பிரெஞ்சு வானியலாளர் சார்ல் மெஸ்ஸியே 1764-இல் பதிவு செய்தார். இந்த நெபுலாவை வில்லியம் ஹெர்ஷல் 1784-இல் தனிப் பொருளாகவே பட்டியலிட்டார். பேரடை என்றால் என்னவென்றே அறியாத காலத்தில், கண்ணுக்குத் தனியாகத் தெரிந்த ஒவ்வொரு மங்கலும் ஒரு பதிவுக்கு உரியதாக இருந்தது. 1888-இல் டிரேயர் வெளியிட்ட என்ஜிசி பட்டியல் 7,840 பொருள்களை வல ஏற்றத்தின்படி, அதாவது மேற்கிலிருந்து கிழக்காக, வரிசைப்படுத்தியது; எது எதற்குச் சொந்தம் என்று அது பார்க்கவில்லை. எம்33 நமது பால்வழிக்கு வெகு தொலைவில் இருக்கும் தனிப் பேரடை என்பதை, தொலைவை அளக்க உதவும் செஃபீடு மாறுவிண்மீன்களைக் கொண்டு எட்வின் ஹபிள் 1926-இல்தான் விரிவாக நிறுவினார். எனவே என்ஜிசி 588, 592, 595 ஆகியவையும் இதே பேரடையின் மேற்குப் பக்க நெபுலாக்களே. எண்ணின் வரிசையே உங்களுக்குத் திசையைச் சொல்லிவிடும்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. நான் ஃபிளாட் படங்கள் எடுத்திருக்கவில்லை. அந்த நெபுலாக்கள் சிவந்து தெரிய, கேமராவின் உள் வடிகட்டியை நீக்க வேண்டுமா?

பதில் 2:
இப்போதைக்கு வேண்டாம். ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் சிவப்பொளியில் பெரும்பகுதியை அந்த வடிகட்டி தடுப்பது உண்மை. ஆனால் 604 நீலப்பச்சையிலும் வலுவாக ஒளிர்வதால் உங்கள் கேமராவிலேயே பதிகிறது. ஃபிளாட் படங்களுடன் ஒளியைச் சேர்த்த பிறகு 595-ஐத் தேடுங்கள்; அதுவும் மங்கிக் கிடந்தால் வடிகட்டியைப் பற்றி யோசிக்கலாம்.